சோறு இருக்கு, வெஞ்சனம்தான் குறைஞ்சு போச்சு

விளாத்திகுளம், கோவில்பட்டி, சாத்தூர், அருப்புக்கோட்டை பக்கத்துக் கரிசல் ஊர்களில் எழுபது தாண்டிய ஒருவரிடம் மத்தியானம் என்ன சாப்பாடு என்று கேட்டால், "சோறும் ரசமும்" என்று பதில் வரும். ராத்திரிக்கு மிச்ச ரசம். காலையில் அதே சோற்றில் தண்ணீர் ஊற்றி, ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு ஒரு கும்பா. வயிறு நிறைந்ததா என்றால் நிறைந்தது என்பார்கள். அது உண்மைதான். ஆனாலும் கால் சதை வற்றிப் போகும், உட்கார்ந்தவர் எழுந்திருக்கக் கையூன்ற வேண்டியிருக்கும், ஒரு காய்ச்சல் வந்து போனால் பழைய தெம்பு திரும்பாது.

இன்றைக்கு எழுபத்தைந்து வயதுக்காரர்கள் 1950-ஐ ஒட்டிப் பிறந்தவர்கள். அவர்கள் வளர்ந்த வீடுகளில் கம்மஞ்சோறு, சோளச்சோறு, குதிரைவாலிச் சோறுதான். நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும். ரேஷன் அரிசி வந்து, 2011 ஜூன் முதல் அது விலையில்லாமலும் கிடைக்க ஆரம்பித்த பிறகு அடுப்பில் உலை ஏறாத நாள் என்பது போய்விட்டது. பட்டினி கிடந்து பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ரேஷன் அரிசியைக் குறை சொல்லிப் பேசுகிற ஆரோக்கியப் பிரசங்கங்களை அவர்கள் காதில் வாங்காததில் ஆச்சரியமில்லை.

குறைந்தது வெஞ்சனம், அதாவது தொடுகறி. பருத்திக்கு ஊடே உளுந்தும் பாசிப்பயறும் தட்டாம்பயறும் விதைத்த காலத்தில், தை மாசியில் வீட்டுக்கு வந்த பயறில் ஒரு பங்கு விற்பனைக்குப் போகாமல் குலுக்கையில் (தானியம் சேர்த்துவைக்கும் மண்குதிர்) தங்கும். புரட்டாசி, ஐப்பசி மழைக்குக் காட்டில் தானாக முளைக்கிற தொய்யக்கீரை, பண்ணைக்கீரை, சாரணத்தி, குப்பைக்கீரை எல்லாம் களையெடுக்கப் போன பெண்களின் மடியில் வீடு வந்து சேரும். அந்தப் பருவத்தில் அதலைக்காயும் உண்டு. இப்போது காடு பெரும்பாலும் கோழித்தீவனத்துக்குப் போகிற மக்காச்சோளம். களைக்கு அட்ரசின் அடித்தால் கீரையும் களையோடு சேர்ந்து கருகும், ஊடுபயறும் நிற்காது. களையெடுக்க ஆள் கிடைக்காத ஊரில் சம்சாரியை (விவசாயியை)க் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஆனால் கீரையும் பயறும் காசு கொடுத்து வாங்குகிற பொருளானதும் முதலில் கையைச் சுருக்கிக்கொண்டவர்கள் வயசாளிகள்தான்.

ஆகவே "பழையபடி கம்புக்கு மாறுங்கள்" என்கிற அறிவுரை பாதிதான் சரி. 100 கிராம் கம்பில் புரதம் சுமார் 11 கிராம், அரிசியில் 8. வித்தியாசம் உண்டு, அதற்காகக் கம்பு மட்டுமே தசையைக் காத்துவிடாது. கேழ்வரகுக்குப் பெரிய மரியாதை அதிலுள்ள சுண்ணாம்புச்சத்தால்: 100 கிராமில் 360 மில்லிகிராமுக்கு மேல். அரிசியில் 10 கூடக் கிடையாது. எலும்புக்கு அது நல்லது. புரதத்தில் கேழ்வரகு அரிசிக்கு மேலே இல்லை, கொஞ்சம் கீழேதான். 2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு கிளம்பிய ஆரவாரத்தில் இந்தக் கணக்கு காணாமல் போய்விட்டது. பசியே எடுக்காத, மெலிந்த ஒருவருக்குத் தவிடு நீக்காத தானியத்தை மூன்று வேளையும் கொடுத்தால் நாலு வாயில் வயிறு நிறைந்துவிடும். தண்ணீரும் குறைவாகக் குடிப்பவராக இருந்தால் மலச்சிக்கல் வேறு.

45 கிலோ எடையுள்ள ஒரு பாட்டியை வைத்துக் கணக்குப் பார்க்கலாம். பெரியவர்களுக்கு எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) பரிந்துரை. முதுமையில் சதை கரைவதைத் தடுக்க 1 கிராமாவது வேண்டும் என்பது முதியோர் மருத்துவர்கள் சொல்வது. அப்படியானால் ஒரு நாளைக்கு 45 கிராம். அவர் சாப்பிடுகிற அரிசி 250 கிராம் இருந்தால் அதிலிருந்து 20 வரும். ரசத்தில் ஒன்றும் பெரிதாக இல்லை. மீதி 25-க்கு வழி வேண்டும். துவரம்பருப்பு 33 கிராம் போட்டால் 7. ஒரு முட்டை 6. பால் அல்லது தயிர் 200 மில்லி 6. பயறுப்பொடி இரண்டு கரண்டி 4. மிச்சம் கீரை, காயில் வந்துவிடும். அரிசிப் புரதத்தில் லைசின் என்கிற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் அது நிறைய உண்டு. சோற்றோடு பருப்பைச் சேர்க்கச் சொல்வதற்கு இதுவும் காரணம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது, அவர்கள் மருத்துவர் சொல்கிற அளவைத்தான் பார்க்க வேண்டும்.

33 கிராம் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ரேஷனில் மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய்க்குக் கொடுக்கிறார்கள். தனியாக இருக்கும் ஒருவருக்குத் தனிக் கார்டு இருந்தால் நாளுக்கு 33 கிராம் வந்துவிடும். நடப்பது என்ன? பருப்பு தாமதமாக வருகிறது என்று வாங்காமல் விடுவது, வாங்கினாலும் "வேகவே மாட்டேங்குது" என்று டப்பாவில் போட்டு வைப்பது, மகள் வந்தால் கொடுத்துவிடுவது.

வேகாததற்குப் பாதிக் காரணம் தண்ணீர். போர் தண்ணீரிலுள்ள சுண்ணாம்பு பருப்பை மெத்தென்று ஆகவிடாமல் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். எவ்வளவு விறகு வைத்தாலும் பருப்பு முழுசு முழுசாக நிற்கும். குடிக்கிற நல்ல தண்ணீரிலேயே பருப்பை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, அதே தண்ணீரில் வேகவைக்க வேண்டும். மஞ்சள்தூள், ஒரு சொட்டு நல்லெண்ணெய் அல்லது விளக்கெண்ணெய் போதும். புளி, தக்காளி எல்லாம் பருப்பு குழைந்த பிறகுதான். முதலிலேயே புளியை ஊற்றினால் பருப்பு வேகாமல் நின்றுவிடும். ஆப்பசோடா போடுகிற பழக்கம் வேண்டாம். பருப்பு வெந்துவிடும், ஆனால் தயமின் (பி1 வைட்டமின்) அழிந்துவிடும், உப்புச்சத்தும் கூடும். ரொம்ப நாள்பட்ட பருப்பு எப்படிப் போட்டாலும் மசியாது. அதை வறுத்துத் துவையலாக்கிவிடலாம்.

இந்தப் பக்கத்து வயசாளிகளுக்கு ஒரே ஒரு சாப்பாட்டைத்தான் சொல்ல முடியும் என்றால் அது உளுந்தஞ்சோறு. ஒரே பானை, கூடவே வெஞ்சனம் என்று தனியாக வேண்டியதில்லை, பல்லும் தேவையில்லை. ஒரு ஆளுக்கு ஒரு வேளைக்கு 60 கிராம் அரிசி, 30 கிராம் தொலி உளுந்து (தோலோடு உடைத்தது). உளுந்தை வெறும் சட்டியில் மணம் வருகிற வரைக்கும் வறுக்க வேண்டும். வறுக்காமல் போட்டால் கொழகொழவென்று வரும், வாயு என்று சொல்லி அடுத்த முறை சாப்பிட மாட்டார்கள். அரிசியையும் உளுந்தையும் சேர்த்துக் கழுவி, ஐந்தாறு பல் பூண்டு, கால் கரண்டி வெந்தயம், சீரகம், ஒரு கைப்பிடி தேங்காய்ப்பூ, உப்பு. சாதாரணமாக ஒன்றுக்கு மூன்றரை பங்கு தண்ணீர். பல் இல்லாதவர்களுக்கு ஐந்து பங்கு ஊற்றிக் குழைய விட்டு மத்தால் இரண்டு தட்டுத் தட்டினால் போதும். கழுவும்போது தோல் மிதக்கிறதே என்று வடித்துக் கொட்டிவிடக் கூடாது, நார்ச்சத்து அதில்தான். இந்த ஒரு வேளையில் 12 கிராம் புரதம் கிடைக்கும். அதே 90 கிராமும் அரிசியாகவே இருந்தால் 7. தொட்டுக்கொள்ள எள்ளுத்துவையல்: மூன்று கரண்டி எள், இரண்டு மிளகாய்வற்றல், கொஞ்சம் புளி, தேங்காய், உப்பு. எள் படபடவென்று வெடிக்க ஆரம்பித்ததும் இறக்கிவிட வேண்டும், அரை நிமிடம் தாண்டினாலும் கசக்கும்.

உளுந்தங்களியும் நல்லதுதான். ஆனால் அதற்குக் கருப்பட்டி கரைக்க வேண்டும். சுகர்காரர்கள் "கருப்பட்டிதானே, ஒன்றும் செய்யாது" என்பார்கள். செய்யும். சர்க்கரைக்குப் பதிலாகக் கருப்பட்டி போட்டாலும் ரத்தத்தில் சர்க்கரை ஏறத்தான் செய்யும்.

தனியாக இருப்பவர்கள் சொல்வது வேறு: "ஒரு ஆளுக்கு எதுக்குத் தனியா வெஞ்சனம் வச்சுக்கிட்டு." இதற்குப் புத்திமதி சொல்லிப் பயனில்லை, கைக்கெட்டுகிற இடத்தில் ஒரு டப்பா பொடி இருக்க வேண்டும். காணம் (கொள்ளு) 100 கிராம், பொரிகடலை 100, கறுப்பு உளுந்து 50, எள் 50, மிளகாய்வற்றல் எட்டு, நிழலில் காயவைத்த முருங்கை இலை இரண்டு கைப்பிடி, பெருங்காயம், உப்பு ஒன்றரைச் சிறுகரண்டி. பொரிகடலையைச் சும்மா சூடேற்றினால் போதும், மற்றதைத் தனித்தனியாக வறுக்க வேண்டும். சேர்த்து வறுத்தால் எள் கருகும்போது காணம் பச்சையாக நிற்கும். காணம் செம்மையாகச் சிவந்து, கடித்தால் பொரபொரவென்று உடைய வேண்டும். அரை வறுவலாக இருந்தால் பச்சை வாடையும் வயிற்று உப்புசமும் வரும். நன்றாக ஆறிய பின் அரைக்க வேண்டும், சூட்டோடு டப்பாவில் போட்டால் வேர்த்துப் பூசணம் பிடிக்கும். ஒரு மாதம் இருக்கும். இரண்டு பெரிய கரண்டி என்றால் சுமார் 20 கிராம், அதில் புரதம் 4 கிராம் அளவு. சோற்றில் நல்லெண்ணெய் விட்டுக் குழைத்துத்தான் கொடுக்க வேண்டும். உலர்ந்த பொடி தொண்டையில் ஏறி இருமினால் வயசாளிகளுக்கு ஆபத்து. மெலிந்தவர்களுக்கு அந்த ஒரு கரண்டி எண்ணெயும் மருந்துதான்.

முட்டையைச் "சூடு" என்று கோடையில் ஒதுக்குகிறார்கள். வீட்டுக்கோழி முட்டையை விற்றுவிடுகிறார்கள், விற்கட்டும். கடை முட்டையிலும் புரதம் அதேதான், விலை குறைவு. 2023-இல் 1,200 ரூபாயாக உயர்ந்த முதியோர் உதவித்தொகையில் நாளுக்கு ஒரு முட்டை என்பது எட்டாத செலவு இல்லை. அவித்த முட்டையின் மஞ்சள் தொண்டையை அடைக்கிறது என்பவர்களுக்குக் கொதிக்கிற குழம்பிலோ ரசத்திலோ உடைத்து ஊற்றி, நாலு நிமிடம் கிளறாமல் விட்டு, முழுக்க வெந்ததும் சோற்றில் மசித்துக் கொடுக்கலாம்.

மோர் விஷயத்தில் ஓர் ஏமாற்றம் இருக்கிறது. "தினம் ரெண்டு சொம்பு மோர் குடிக்கேன்" என்பார்கள். ஒரு கரண்டித் தயிருக்கு ஒரு சொம்புத் தண்ணீர் என்றால் அதில் புரதம் ஒரு கிராம் தேறாது. தாகத்துக்கு அது நல்லது. சத்துக்குத் தயிராக, ஒரு கிண்ணம் சோற்றில் பிசைய வேண்டும். பால் முழுவதும் சொசைட்டிக்கு ஊற்றுகிற வீடுகளில் காலையிலேயே ஒரு டம்ளரைப் பிரித்து எடுத்து உறை ஊற்றிவிட்டால் பிறகு பேச்சே இல்லை. பருப்பும் காயும் அப்படித்தான். பிள்ளைகளும் ஆம்பளைகளும் சாப்பிட்ட பிறகு கடைசியாக உட்காருகிற கிழவிக்குக் குழம்புச் சட்டியில் தண்ணீர்தான் மிஞ்சும். அவர் வாய் திறந்து கேட்க மாட்டார். அவருக்கான பங்கைப் பரிமாறுவதற்கு முன்பே ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வைப்பதுதான் நடைமுறையில் வேலை செய்கிறது.

பழைய சோற்றுக்கு வருவோம். நல்ல உணவு. புளிக்கும்போது உண்டாகும் லாக்டிக் கிருமிகள் வயிற்றுக்கு இதம், வெயில் காலத்தில் நீராகாரம் உடம்புக்குத் தண்ணீர் சேர்க்கிறது. ஆனால் இரும்புச்சத்து இருபது மடங்கு கூடிவிடும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிற கணக்கை நம்ப வேண்டாம். புளிப்பதால் தாதுப்பு புதிதாகப் பிறக்காது, இருப்பது உடம்பில் கொஞ்சம் சுலபமாகச் சேரும், அவ்வளவுதான். வடித்த அரிசியில் இருக்கிற இரும்பே 100 கிராமுக்கு ஒரு மில்லிகிராமுக்குள்.

செய்முறையில் பிசகுவது ஒரே இடத்தில். சோற்றை ராத்திரி குக்கரிலேயே மூடி வைத்துவிட்டு விடிந்ததும் தண்ணீர் ஊற்றுகிறார்கள். ஈரமும் வெதுவெதுப்பும் உள்ள சோற்றில் இரவெல்லாம் வளர்கிற ஒருவகைக் கிருமி நஞ்சை விட்டுவைக்கும். மறுபடி கொதிக்க வைத்தாலும் அது போகாது. வாந்தியும் வயிற்றோட்டமும் எழுபது வயதில் ஒரே நாளில் ஆளைச் சாய்த்துவிடும். சோறு ஆறியதும், படுக்கப் போவதற்கு முன்பே, முங்குகிற அளவு குடிதண்ணீர் ஊற்றிவிட வேண்டும். எட்டு மணி நேரம் போதும். சித்திரை, வைகாசியில் காலை பத்து மணிக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். நூல் இழுத்தாலோ, புளிப்பை மீறி வேறு வாடை வந்தாலோ மாட்டுக்கும் வேண்டாம். மண்பானையை வாரம் இரண்டு நாள் கொதிநீர் ஊற்றிக் கழுவி வெயிலில் கவிழ்க்க வேண்டும்.

பல் முழுக்கப் போனவர்களுக்கு எல்லா வீட்டிலும் கொடுப்பது கஞ்சி. அதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு கரண்டி மாவுக்கு மேல் போட்டால் களியாக இறுகிவிடும், அதனால் தண்ணியாகக் காய்ச்சுகிறார்கள். வயிறு நிறைகிறது, உடம்பில் ஒன்றும் சேருவதில்லை. இதற்கு வழி முளைகட்டிய கேழ்வரகு. பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, ஈரத்துணியில் கட்டித் தொங்கவிட்டால் ஒன்று ஒன்றரை நாளில் வெள்ளை முளை கால் அங்குலம் வரும். துணியில் பரப்பிக் காயவைத்து, உள்ளங்கையில் தேய்த்து முளையை உதிர்த்து, இளஞ்சூட்டில் மணம் வரும் அளவுக்கு மட்டும் வறுத்து அரைக்க வேண்டும். முளைக்கும்போது உண்டாகும் நொதி மாவுச்சத்தை உடைப்பதால், சாதாரண மாவைப் போல இரண்டு மடங்கு போட்டாலும் கஞ்சி குடிக்கிற பதத்தில் இருக்கும். கருக வறுத்தால் அந்த நொதி செத்துவிடும், கஞ்சி பழையபடி இறுகும். இறுகிவிட்டால் கைபொறுக்கும் சூட்டுக்குச் சற்று மேலே இருக்கும்போது ஒரு சிறுகரண்டி முளைமாவைக் கலந்தால் கண்ணெதிரே இளகும், பிறகு ஒரு கொதி விட்டு இறக்கலாம். பாலும் பொரிகடலை மாவும் சேர்த்தால் ஒரு வேளை உணவாக நிற்கும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் முளைகட்ட வேண்டாம். பூசண வாடை லேசாக அடித்தாலும் மொத்தத்தையும் கொட்டிவிட வேண்டும், கழுவிப் பயனில்லை. சுகர் உள்ளவர்களுக்கு இந்த முளைமாவுக் கஞ்சி வேகமாகச் சர்க்கரையை ஏற்றும், அவர்களுக்கு முளைகட்டாத கேழ்வரகுக் களியும் கீரையுமே மேல்.

கம்பு மாவைப் பற்றி ஒரு வார்த்தை. கம்பில் கொழுப்பு அதிகம், அரைத்த பத்து நாளில் காறல் ஏறிக் கசக்கும். கடையில் பாக்கெட் வாங்கிக் கசக்கிறது என்று ஒதுக்கியவர்கள் பலர். வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்துக்கொள்ள வேண்டும்.

உப்பு: ஒரு நாளைக்கு 5 கிராம் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம், சமமாக அள்ளிய ஒரு சிறுகரண்டி. பழைய சோற்றில் போடும் உப்பு, ஊறுகாய், மோர்மிளகாய், கருவாடு என்று காலை வேளையிலேயே அது தாண்டிவிடும். வயசானால் நாக்கு மங்கும், அதனால் உப்புக் கூடுதலாகக் கேட்கும். சின்னவெங்காயம், எலுமிச்சை, மிளகு, சுட்ட பூண்டு இவற்றால் ருசியை ஏற்றலாம். கருவாட்டை வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டி, இரண்டு முறை கழுவி, குழம்பில் உப்பே போடாமல் வைக்கலாம். இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. நீர் போகிற மாத்திரை சாப்பிடுபவர் உப்பை அடியோடு நிறுத்தினால் ரத்தத்தில் சோடியம் இறங்கி, ஆள் தெரியாத குழப்பம், தள்ளாட்டம் வரும். "வயசாயிருச்சு, புத்தி பிசகுது" என்று வீட்டில் விட்டுவிடுவார்கள்.

டீ நாலு கிளாஸ், கூட ஒரு பன் அல்லது வடை, இடையில் வெற்றிலை என்று பசியை ஓட்டுகிறவர்கள் நிறைய. சாப்பாட்டோடு டீ குடித்தால் கீரையிலுள்ள இரும்பு உடம்பில் சரியாகச் சேராது, ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கலாம். வெற்றிலையில் புகையிலை சேர்ப்பதைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

சர்க்கரை மாத்திரை தனி விஷயம். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்றவற்றை விழுங்கிவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போடக் கூடாது. நூறு நாள் வேலைக்குப் போய்ப் பத்தரை மணிக்குத் தூக்குவாளியைத் திறப்பவர்கள், ஆடி வெள்ளிக்கும் சஷ்டிக்கும் விரதம் இருப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். வேர்வை, கை நடுக்கம், பேச்சுக் குழறல் வந்தால் மூன்று கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பத்துப் பதினைந்து நிமிடத்தில் சோறு. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். விரத நாள் மாத்திரை அளவை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். மெட்ஃபார்மின் வருடக்கணக்கில் சாப்பிடுகிற சைவக்காரருக்குக் கால் மதமதப்பு இருந்தால் பி12 குறைவும் காரணமாக இருக்கலாம், சர்க்கரை நோயின் தலையிலேயே எல்லாப் பழியையும் போட வேண்டாம்.

சாப்பாடு உடம்பில் சேருகிறதா என்று பார்க்கத் தராசு கட்டாயமில்லை. ஆண்களுக்கு அரைஞாண் கயிறு தளர்கிறதா, பெண்களுக்கு வளையல் முழங்கை வரை ஏறுகிறதா, ஜாக்கெட் தொளதொளக்கிறதா என்று பார்த்தாலே தெரியும். கெண்டைக்கால் சதையின் பருத்த இடத்தில் அளவுநாடாவைச் சுற்றினால் 31 சென்டிமீட்டருக்குக் கீழே இருப்பது சத்துக் குறைவுக்கான அடையாளம். கால் வீங்கியிருந்தால் அந்த அளவு ஏமாற்றும். நன்றாகச் சாப்பிட்டும் மூன்று மாதத்தில் மூன்று கிலோ இறங்கினால் சமையலை மாற்றிப் பார்த்துக் காத்திருக்கக் கூடாது. கட்டுப்படாத சர்க்கரை, காசநோய், தைராய்டு, வாயிலோ வயிற்றிலோ கட்டி, இவற்றில் ஏதாவது இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையும் சளியும் காசில்லாமல் சோதித்துப் பார்க்கலாம். போகும்போது சாப்பிடுகிற எல்லா மாத்திரையையும், நாட்டு மருந்துப் பொட்டலம் உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போக வேண்டும்.